ஞாபகமறதி மாத்திரை கேக்குமா கேக்காதான்னு மூளை ஸ்கேன் பார்த்து முன்னாடியே சொல்ல முடியுமா?

வைகைக்கரை:
எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 74 வயசு. நியூராலஜிஸ்ட் பார்த்துட்டு அல்சைமர், ஆரம்ப ஸ்டேஜ்னு சொல்லி டோனெபெசில் 5 மில்லிகிராம் ராத்திரிக்கு ஒண்ணு எழுதிக் குடுத்திருக்கார். மாத்திரை வாங்கி வச்சாச்சு, இன்னும் ஆரம்பிக்கல, ஏன்னா அதுக்குள்ள எங்க அண்ணன் ஒரு வீடியோ அனுப்பிட்டான். மூளைய ஸ்கேன் பண்ணா இந்த மாத்திரை யாருக்கு கேக்கும் யாருக்கு கேக்காதுன்னு முன்கூட்டியே தெரிஞ்சிடுமாம், வெளிநாட்டுல எல்லாம் அப்படித்தான் பண்றாங்களாம், அதனால பெட் ஸ்கேன் எடுத்துட்டு அப்புறமா மாத்திரை குடுப்போம்னு நிக்கிறான். எம்ஆர்ஐ ஏற்கனவே எடுத்தாச்சு. ரிப்போர்ட்ல ஃபசேகஸ் கிரேடு 1, எம்டிஏ ஸ்கோர் 2ன்னு போட்டிருக்கு. அப்பா ஸ்கேன் மிஷினுக்குள்ள போறதுக்கே ரொம்ப பயந்துட்டார், மறுபடி அலைய விடணுமான்னு மனசு அடிச்சுக்குது. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஸ்கேன்ரூம்:
நான் எம்ஆர்ஐ டெக்னீஷியன், டாக்டர் இல்ல, ஆனா இந்த ஸ்கோர் ரெண்டும் தினமும் பாக்குறது. ஃபசேகஸ்ங்கிறது மூளைக்குள்ள வெள்ளைப் பகுதியில சின்ன ரத்தக்குழாய் பாதிப்பு எவ்ளோன்னு சொல்ற அளவு, 0 முதல் 3 வரை. உங்க அப்பாவுக்கு 1, அந்த வயசுக்கு நல்லாவே இருக்குன்னு அர்த்தம். எம்டிஏங்கிறது காது பக்கமா உள்ள இருக்குற, ஞாபகத்துக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸ் ஏரியா எவ்ளோ சுருங்கியிருக்குன்னு கண்ணால பார்த்து போடுற மார்க்கு, 0 முதல் 4 வரை. பொதுவா 75 வயசுக்குள்ள 2 வந்தா கொஞ்சம் கவனிக்கணும்பாங்க, 75க்கு மேலன்னா 3 வந்தாதான். ஆக 74க்கு 2ங்கிறது எல்லைக்கோட்டுல நிக்குது.

இன்னொண்ணு, அந்த எம்ஆர்ஐ வீணா போகல. கீழ விழுந்து மண்டைக்குள்ள ரத்தம் கட்டியிருக்கா, கட்டி இருக்கா, தண்ணி கோத்திருக்கா, வெளிய தெரியாத ஸ்ட்ரோக் இருக்கான்னு பாக்கத்தான் முதல் எம்ஆர்ஐ எழுதுறதே. அதெல்லாம் இல்லன்னு தெரிஞ்சதே பெரிய விஷயம். ஆனா அந்தப் படத்தைப் பார்த்து மாத்திரை கேக்குமான்னு எந்த ரேடியாலஜிஸ்டும் ரிப்போர்ட்ல எழுதி நான் பார்த்ததில்ல.

நரம்பணு:
நான் மூளை இமேஜிங்ல பிஎச்டிக்கு அப்புறமான ஆராய்ச்சி (போஸ்ட்டாக்) பண்றேன், அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கோங்க.

அந்த வீடியோ சொல்றது முழுக்க கட்டுக்கதை இல்ல, அதுக்குப் பின்னாடி நிஜமாவே ஆராய்ச்சி இருக்கு. மூளையோட அடிப்பக்கம் முன்னால மெய்னர்ட் நியூக்ளியஸ்னு ஒரு சின்ன இடம், அங்கருந்துதான் மூளையோட மேற்பரப்பு முழுக்க அசிட்டைல்கோலின்ங்கிற, நரம்புகள் சேதி கடத்துற கெமிக்கல் போகுது. அல்சைமர்ல அந்த செல்கள் நிறைய செத்துப்போகுதுன்னு 1980களோட ஆரம்பத்துல ஜான்ஸ் ஹாப்கின்ஸ்காரங்க காட்டினாங்க. டோனெபெசில் அந்த கெமிக்கல புதுசா உண்டாக்காது, அத உடைக்கிற என்சைம மட்டும் தடுக்கும். வாய்க்கால்ல வர்ற தண்ணி குறைஞ்சு போச்சு, மடைய அடைச்சு வயல்ல இருக்குற தண்ணிய இன்னும் கொஞ்ச நேரம் நிக்க வைக்கிற மாதிரி.

அப்போ இயல்பா என்ன கேள்வி வரும்? அந்த இடம் எவ்ளோ சுருங்கியிருக்குன்னு எம்ஆர்ஐல அளந்தா மருந்து கேக்குறத கணிக்கலாமேன்னு. 2003ல ஜப்பான்ல ஒரு குழு அதைத்தான் பண்ணாங்க. அந்த ஏரியா அதிகமா சுருங்கினவங்களுக்குத்தான் டோனெபெசில் நல்லா கேட்டுச்சுன்னு வந்துச்சு. காரணம் சொன்னா புரியும், அசிட்டைல்கோலின் குறைபாடு எவங்களுக்கு ஜாஸ்தியோ அவங்களுக்குத்தான் ஈடு கட்ட இடம் இருக்கு. ஆனா இதுக்கு நேர் எதிரா யோசிச்சாலும் சரியாத்தான் படும், செல்லே செத்துப்போனா எதை வச்சு மருந்து வேலை செய்யும்? பின்னாடி வந்த ஆய்வுகள் எல்லாம் ஒரே பக்கம் நிக்கல. ரெண்டு விதமா கணிச்சாலும் ஒரு விளக்கம் ரெடியா இருக்குன்னா, அந்த அளவீட்டை வச்சு ஒரு தனி மனுஷனுக்கு முடிவெடுக்குற நிலைமைக்கு நாம இன்னும் வரலன்னுதான் நான் நினைக்கிறேன்.

இன்னொரு ஆய்வு எனக்கு ரொம்ப முக்கியமா படும். 2000ல மிச்சிகன் பல்கலைக்கழகத்துல மருந்து சாப்பிட்டுட்டு இருக்குற அல்சைமர் ஆளுங்களையே பெட் ஸ்கேன் எடுத்து, மூளைக்குள்ள அந்த என்சைம் நிஜமா எவ்ளோ தடுக்கப்படுதுன்னு அளந்தாங்க. சராசரியா 27 சதவீதம்தான். எல்லாரும் எதிர்பார்த்தத விட ரொம்ப கம்மி. மருந்தோட பலன் ஏன் மிதமா இருக்குன்னு அதுலயே பாதி பதில் இருக்கு.

வைகைக்கரை:
மடை உதாரணத்துக்கு நன்றி, அம்மாகிட்ட அப்படியே சொன்னேன், அவங்களுக்கும் புரிஞ்சது. அப்போ சராசரி மனுஷனுக்கு இந்த மாத்திரை எவ்ளோதான் பலன் குடுக்கும்?

கணக்குப்பிள்ளை:
நான் பதில் சொல்லலாமா, மருந்து ட்ரயல்கள்ல புள்ளியியல் வேலைதான் எனக்கு. 2018ல காக்ரன் குழு எல்லா ட்ரயலையும் சேர்த்துப் பார்த்தாங்க. அடாஸ்-காக்னு 70 மார்க் பரிட்சை ஒண்ணு இருக்கு, அதுல தப்புக்குத்தான் மார்க், கம்மியா வந்தாதான் நல்லது. 10 மில்லிகிராம் டோனெபெசில் ஆறு மாசம் சாப்பிட்டவங்களுக்கும் வெத்து மாத்திரை சாப்பிட்டவங்களுக்கும் வித்தியாசம் சராசரியா 2.67 மார்க். இது சராசரி மட்டும்தான்.

இங்கதான் இந்த ஸ்கேன் கணிப்பு விவகாரம் முழுக்க சிக்குது, தயவுசெஞ்சு இத கவனமா படிங்க. ஒருத்தர் மாத்திரை ஆரம்பிச்சு மூணு மாசத்துல 3 மார்க் முன்னேறுறார்னு வைங்க. அது மாத்திரையாலயா? அன்னைக்கு நல்லா தூங்கி எழுந்து வந்தாரா? முதல் தடவை பயத்துல சொதப்பினவர் ரெண்டாவது தடவை பழகிட்டாரா? தனி ஆளை மட்டும் வச்சு சொல்லவே முடியாது. வெத்து மாத்திரை குரூப்லயும் இதே மாதிரி 3 மார்க் முன்னேறினவங்க இருப்பாங்க. நிறைய ஸ்கேன் ஆய்வுகள்ல வெத்து மாத்திரை குரூப்பே இருக்காது, முப்பது நாப்பது பேருக்கு மாத்திரை குடுத்து, மார்க்ல முன்னேறினவங்களுக்கு கேட்டுச்சு, முன்னேறாதவங்களுக்கு கேக்கலன்னு ரெண்டா பிரிச்சு, ரெண்டு குரூப் மூளைப் படத்தையும் ஒப்பிட்டுடுவாங்க. அந்தப் படம் எதைக் கணிக்குது? நோய் மெதுவா போற ஆளையா, மருந்து கேக்குற ஆளையா? ரெண்டும் வேற வேற. ஹிப்போகேம்பஸ் நல்லா இருக்குற ஆளு மாத்திரையே சாப்பிடலன்னாலும் கொஞ்ச காலம் நல்லாத்தான் இருப்பார். அதைப் பார்த்து அவருக்கு மருந்து கேட்டுச்சுன்னு எழுதிட்டா மொத்த கதையும் மாறிடும்.

மருந்துக்கான கணிப்புன்னு சொல்லணும்னா, அந்த ஸ்கேன் அளவு இருக்குறவங்க இல்லாதவங்க ரெண்டு பேருக்கும் மருந்தும் வெத்து மாத்திரையும் குலுக்கல் முறையில குடுத்து, மருந்துக்கும் வெத்து மாத்திரைக்கும் உள்ள வித்தியாசமே இந்த ரெண்டு குரூப்புக்கும் நடுவுல மாறுதான்னு பாக்கணும். இதுக்கு ஆள் நிறைய வேணும். 2022ல நேச்சர் இதழ்ல சுமார் 50,000 பேர் ஸ்கேனை வச்சு ஒரு ஆய்வு வந்துச்சு, மூளைப் படத்தையும் குணத்தையும் திறமையையும் முடிச்சுப் போடுற ஆய்வு நம்பகமா வரணும்னா ஆயிரக்கணக்குல ஆள் வேணும்னு காட்டினாங்க. வழக்கமா நடக்குற ஆய்வுகள்ல நடுமட்ட எண்ணிக்கை 25 பேர் கிட்டத்தான்.

முன்னேறுவோம்:
கணக்குப்பிள்ளை சார், நீங்க சொல்றது சரிதான் ஆனா ரொம்ப அவநம்பிக்கையா இருக்கு. டோனெபெசில் 1996ல வந்த மருந்து, அத விட்டுருங்க. புது மருந்துகள்ல ஸ்கேன் பார்த்துத்தானே ஆளையே தேர்ந்தெடுக்குறாங்க? டோனானெமாப்ங்கிற புது அல்சைமர் மருந்து ட்ரயல்ல, மூளையில டாவ்ங்கிற புரதம் எவ்ளோ படிஞ்சிருக்குன்னு பெட் ஸ்கேன் எடுத்துத்தான் பிரிச்சாங்க. அப்போ வைகைக்கரையோட அண்ணன் சொல்றதுல என்ன தப்பு?

நரம்பணு:
முன்னேறுவோம், நீங்க சொன்னது நிஜம், இந்த இடத்துலதான் ஸ்கேன் தன் மதிப்பைக் காட்டியிருக்கு. ஆனா அது வேற மருந்து, வேற வேலை.

கதை பழசு. பாபினியூசுமாப்னு ஒரு மருந்து, மூளையில படியுற அமிலாய்டு புரதத்தை அகற்றுறதுக்கு. 2014ல அதோட பெரிய ட்ரயல் முடிவு வெளிவந்துச்சு, தோல்வி. அந்த ட்ரயல்ல ஒரு பகுதி ஆளுங்களுக்கு அமிலாய்டு பெட் எடுத்தாங்க. அல்சைமர் அபாயத்தைக் கூட்டுற ஏபிஓஈ4 மரபணு இல்லாதவங்கள்ல 36 சதவீதம் பேருக்கு மூளையில அமிலாய்டே கணிசமா இல்ல! அல்சைமர்னு பேர் போட்டு உள்ள எடுத்த ஆளுங்க, மருந்து அடிக்க வேண்டிய இலக்கே அங்க கிடையாது. அதுக்கப்புறம்தான் பெட்டோ முதுகுத்தண்டு நீர் டெஸ்ட்டோ இல்லாம இந்த வகை ட்ரயல்ல ஆளைச் சேர்க்குறதே நின்னுச்சு.

டோனானெமாப் 2023ல வெளியான ட்ரயல்ல 1,736 பேர். டாவ் படிவு கம்மி நடுத்தரம்னு இருந்தவங்களுக்கு நோய் போற வேகம் 35 சதவீதம் குறைஞ்சுது, டாவ் அதிகமா இருந்தவங்களையும் சேர்த்துப் பார்த்தா 22 சதவீதம்தான். ஸ்கேன்ல அமிலாய்டு காலியான ஆளுக்கு மருந்தையே நிறுத்தினாங்க. வெத்து மருந்து குரூப்பும் இருந்துச்சு, ஆள் எண்ணிக்கையும் இருந்துச்சு, கணக்குப்பிள்ளை கேட்ட தரத்துக்குக் கிட்ட வருது. லெகானெமாப்பும் அதே குடும்பம், 1,795 பேர், 18 மாசத்துல 27 சதவீதம் வேகம் குறைஞ்சுதுன்னு பேப்பர்ல வந்துச்சே, அது 18 மார்க் அளவுகோல்ல 0.45 மார்க் வித்தியாசம். மருந்து எடுத்தவங்கள்ல 12.6 சதவீதம் பேருக்கு ஸ்கேன்ல மூளை வீக்கம் தெரிஞ்சது, பெரும்பாலும் அறிகுறி இல்லாம, சிலருக்கு ஆபத்தா. அதனால இங்க எம்ஆர்ஐக்கு இன்னொரு வேலையும் இருக்கு, மூளையில சின்னச் சின்ன ரத்தக்கசிவு நாலுக்கு மேல இருந்தா மருந்தே கிடையாது.

இதுல எதுவும் வைகைக்கரை அப்பாவுக்கு எழுதின டோனெபெசிலுக்கு பொருந்தாது. டோனெபெசில் அமிலாய்டைத் தொடுறதே இல்ல.

ஸ்கேன்ரூம்:
இங்க ஒரு தெளிவு. நம்ம ஊர்ல பெட் ஸ்கேன்னு சொன்னா பெரும்பாலும் சர்க்கரை ஏத்தி எடுக்குற எஃப்டிஜி பெட்தான், கேன்சருக்கு எடுப்பாங்களே அதே மருந்து. அமிலாய்டு பெட், டாவ் பெட் எல்லாம் வேற ட்ரேசர், அதாவது ஊசியில ஏத்துற மருந்து வேற, வெகு சில இடத்துலதான் கிடைக்கும். மூளைக்கு பெட்னு யாராச்சும் சொன்னா எந்த ட்ரேசர்னு முதல்ல கேளுங்க. எனக்குத் தெரிஞ்ச ஒரு குடும்பத்துக்கு, மெமரி பெட்னு பேர் சொல்லி ஒரு சென்டர்ல காசு வாங்கிட்டாங்க, ரிப்போர்ட்ல மூளையோட பக்கவாட்டு டெம்பொரல் பகுதியில சர்க்கரை பயன்பாடு கம்மின்னு மட்டும் இருந்துச்சு, அது டாக்டருக்கு முன்னாடியே தெரிஞ்ச விஷயம்.

டொராண்டோ யாழ்ப்பாணத்தான்:
நான் கனடாவில இருக்கிறன். எங்கட அம்மாவுக்கு நடந்ததைச் சொல்லுறன், ஸ்கான் உண்மையில உதவின இடம் அது. அம்மாவுக்கு முதல்ல அல்சைமர் எண்டுதான் சொன்னவை. ஆனா ஒரு நாள் நல்லாத் தெளிவாக் கதைப்பா, அடுத்த நாள் ஒண்டும் விளங்காது. வீட்டு மூலையில சின்னப் பிள்ளையள் இருக்கினம் எண்டு சொல்லுவா, நித்திரையில கையைக் காலை வீசுவா. ஒருக்கா ஆஸ்பத்திரியில வேற ஒரு வருத்தத்துக்கு வைச்சிருக்கேக்க, இரவில குழம்பினவ எண்டு ஹலோபெரிடோல் ஊசி போட்டுட்டினம், பிறகு மரக்கட்டை மாதிரி கிடந்தா, எழும்ப நாளெடுத்தது. அதுக்குப் பிறகுதான் ஒரு ஸ்பெஷலிஸ்ட் டோபமின் ஸ்கான் எடுக்கச் சொல்லி, லூயி பாடி டிமென்ஷியா எண்ட வேற ஒரு மறதி வருத்தம் எண்டு உறுதிப்படுத்தினவர். டோனெபெசில் வகையைச் சேர்ந்த ரிவாஸ்டிக்மைன் தொடங்கின பிறகு அந்தப் பிள்ளையளைக் காணுறது நல்லாக் குறைஞ்சுது. அம்மா திரும்பவும் என்ர பேரைச் சொல்லிக் கூப்பிட்டவ. எங்களுக்கு அந்த ஸ்கான் பெறுமதியானது.

முதியோர் மருத்துவன்:
யாழ்ப்பாணத்தார் எழுதினது இந்த இழையிலயே முக்கியமான பதிவு. நான் முதியோர் மருத்துவம் பாக்குறவன். லூயி பாடி நோயில ஹிப்போகேம்பஸ் ஓரளவு தப்பிச்சிருக்கும், ஆனா அசிட்டைல்கோலின் குறைபாடு அல்சைமரை விடவும் ஜாஸ்தியா இருக்கும். அதனாலதான் இந்த வகை மாத்திரை அவங்களுக்கு நல்லா கேக்குறத அடிக்கடி பாக்குறோம், ஜப்பான்ல 2014லயே லூயி பாடிக்குன்னே டோனெபெசிலுக்கு அனுமதி குடுத்தாங்க. டோபமின் ஸ்கேன், இல்லன்னா எஃப்டிஜி பெட்ல தலையோட பின்பக்கம் மங்கித் தெரியுற அமைப்பு, இதெல்லாம் அங்க உதவும். ஹலோபெரிடோல் மாதிரி மருந்தைத் தள்ளி வைக்கணும்னு தெரியுறதே ஒரு உயிரைக் காப்பாத்தும். ஆனா பாருங்க, இங்கயும் ஸ்கேன் பண்ணது மருந்து கேக்குமான்னு நேரடியா கணிச்சது இல்ல, என்ன நோய்னு சொன்னது. நோய் தெரிஞ்சா மருந்து தன்னால தெளிவாகுது. அமெரிக்காவுல ஐடியாஸ்னு 11,000க்கும் மேல ஆளுங்களை வச்சு 2019ல வந்த ஆய்வும் அதைத்தான் சொல்லுது, அமிலாய்டு பெட் பார்த்தப்புறம் சுமார் 60 சதவீதம் பேருக்கு சிகிச்சைத் திட்டம் மாறுச்சு. டாக்டருக்கே நோய் எதுன்னு சந்தேகமா இருந்த ஆளுங்க அவங்க.

வைகைக்கரை, உங்க அப்பாவுக்கு இல்லாத உருவம் தெரியுதா? நாளுக்கு நாள் தெளிவு ஏறி இறங்குதா? தூக்கத்துல கத்துறாரா? நடை தளர்ந்து காலைத் தேச்சு நடக்குறாரா?

வைகைக்கரை:
இல்ல டாக்டர், அதெல்லாம் எதுவும் இல்ல. சொன்னதையே திரும்பச் சொல்றது, சாவிய வச்ச இடம் மறக்குறது, பென்ஷன் பேங்க் வேலை தனியா பண்ண முடியல, தெரிஞ்ச தெருவுலயே ஒரு தடவை திசை மாறிட்டார். அவ்ளோதான்.

ஓய்வுபெற்றவன்:
குறுக்க வர்றதுக்கு மன்னிக்கணும். எனக்கு 66, நோயெல்லாம் இல்ல, ஆனா பேர் மறக்குது, வேகம் குறைஞ்சிருக்கு. மூளை நல்லா இருக்குற வயசானவங்களுக்கு இந்த மாதிரி கூர்மை மாத்திரை ஏதாச்சும், அத ஸ்கேன் வச்சு தேர்ந்தெடுக்குற வழி ஏதாச்சும் இருக்கா? ஜிங்கோன்னு ஒண்ணு கடையில குடுக்குறாங்க.

நரம்பணு:
ஐயா, ஜிங்கோவை 2008ல 75 வயசுக்கு மேல 3,069 பேருக்கு வருஷக்கணக்கா குடுத்துப் பார்த்தாச்சு, டிமென்ஷியா வர்றத தடுக்கல. காச அதுக்குப் போடாதீங்க.

ஆரோக்கியமானவங்களுக்கு டோனெபெசில் குடுத்தும் பார்த்திருக்காங்க. 2002ல ஸ்டான்ஃபோர்ட்ல 18 பைலட்டுங்க, சராசரி வயசு 52. ஃப்ளைட் சிமுலேட்டர்ல பயிற்சி குடுத்து, பாதிப் பேருக்கு ஒரு மாசம் 5 மில்லிகிராம். மாத்திரை சாப்பிட்டவங்க கத்துக்கிட்டத கொஞ்சம் நல்லா தக்க வச்சாங்க. அந்த ஆய்வு ரொம்ப பேசப்பட்டுச்சு, ஆனா 18 பேர்தான், அதை வச்சு யாருக்கும் மாத்திரை எழுத முடியாது.

ஸ்கேன் கணிப்புல எனக்கு ரொம்ப சுவாரசியமா படுறது டோபமின் பக்கம்தான். ஆளுக்குள்ள இயல்பா டோபமின் எவ்ளோ உண்டாகுதுன்னு பெட்ல அளக்கலாம். 2009ல வந்த ஒரு ஆய்வுல அந்த உற்பத்தி கம்மியா இருந்தவங்களுக்கு டோபமின் மாதிரியே வேலை செய்ற ப்ரோமோகிரிப்டின் குடுத்தா கத்துக்குற திறன் கூடுச்சு, அதிகமா இருந்தவங்களுக்கு அதே மருந்து திறனைக் குறைச்சுது. ஒரே மாத்திரை ஒருத்தரை ஏத்துது, ஒருத்தரை இறக்குது! இது இளவயசுக்காரங்கள்ல, ரொம்பக் கொஞ்சம் பேர்ல பண்ணது. ஆனா வயசாக ஆக டோபமின் அமைப்பு தேயுறது நல்லாத் தெரிஞ்ச விஷயம், அதனால வயசானவங்கள்ல இந்தக் கேள்விய சரியான அளவுல கேட்டுப் பார்க்கணும்னு எனக்கு ரொம்ப ஆசை. இந்தத் துறைக்கு எதிர்காலம் இருக்கு, அதை நான் முழுசா நம்புறேன். ஆனா இன்னைக்கு உங்களுக்குக் குடுக்குற அளவுக்கு எதுவும் இல்ல.

அமிலாய்டு பெட் எடுத்துக்கலாமான்னும் கேப்பீங்க. 65லருந்து 85 வயசு, நோயில்லாத சுமார் 4,500 பேருக்கு ஏ4ங்கிற ட்ரயலுக்காக எடுத்தாங்க. கிட்டத்தட்ட 30 சதவீதம் பேருக்கு அமிலாய்டு இருந்துச்சு. அவங்கள்ல 1,169 பேருக்கு நாலரை வருஷம் சொலனெசுமாப்ங்கிற அமிலாய்டு எதிர்ப்பு மருந்தோ வெத்து மருந்தோ குடுத்தும் மருந்து ஒரு பலனும் தரலன்னு 2023ல முடிவு வந்துச்சு. இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டு ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துக்கிறத விட பி12, தைராய்டு, காது கேட்கும் திறன், ரத்த அழுத்தம் பாருங்க ஐயா.

கணக்குப்பிள்ளை:
படம் ஒண்ணு சொல்லி ஆள் வேற சொல்றதுக்கு ஒரு நல்ல சாட்சியும் சேர்த்துக்கோங்க. 2015ல பிரான்ஸ்ல, அல்சைமரா இருக்கலாம்னு சந்தேகப்பட்ட ஆரம்ப நிலை ஆளுங்களுக்கு ஒரு வருஷம் டோனெபெசில் குடுத்ததுல ஹிப்போகேம்பஸ் சுருங்குற வேகம் 45 சதவீதம் குறைஞ்சுது. கேட்டா உடனே மாத்திரை வாங்க ஓடத் தோணும். ஆனா ஞாபக பரிட்சையில ரெண்டு குரூப்புக்கும் வித்தியாசமே இல்ல.

முன்னேறுவோம்:
சரி, ஒத்துக்கிறேன், அந்த வீடியோவுல ரெண்டு வகை மருந்தையும் கலந்து பேசியிருக்காங்கன்னு இப்ப புரியுது. வெளிநாட்டுல எல்லாம் டோனெபெசிலுக்கு முன்னாடி ஸ்கேன் கணிப்புன்னு ஒண்ணு கட்டாயமா இருக்கா இல்லையா, அத மட்டும் சொல்லிடுங்க.

முதியோர் மருத்துவன்:
இல்ல. இங்கிலாந்துல நைஸ்ங்கிற அரசு மருத்துவ அமைப்போட வழிகாட்டுதல்லயும் அப்படி எதுவும் கிடையாது. நோய் அல்சைமர்னு முடிவானா ஆரம்பிச்சுப் பார்ப்போம், பலனைப் பார்ப்போம், அவ்ளோதான்.

வைகைக்கரை, இப்ப உங்களுக்கு உபயோகமா சொல்றேன். மாத்திரை கேக்குதான்னு கண்டுபிடிக்க உங்க வீட்டுலயே வழி இருக்கு. ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி அப்பா இப்போ எது எதைத் தானா பண்றார்னு ஒரு நோட்டுல எழுதுங்க. பொதுவா ஞாபகம் பரவால்லன்னு எழுதாதீங்க. காபி தானா கலக்குறாரா, மாத்திரை டப்பாவைத் தானா திறக்குறாரா, பேப்பர்ல படிச்சத சாயங்காலம் சொல்றாரா, ஒரே கேள்விய ஒரு மணி நேரத்துல எத்தனை தடவை கேக்குறார், இப்படி. தெரு வரைக்கும் போய்ட்டு வர்றத போன்ல வீடியோ எடுத்து வைங்க. 5 மில்லிகிராம் நாலுலருந்து ஆறு வாரம், ஒத்துக்கிட்டா 10, அதுக்கப்புறம் மூணு மாசம் கழிச்சு அதே நோட்டை எடுத்து வச்சு பாருங்க. ஏறணும்னு கூட இல்ல, இறங்காம நின்னாலே அது பலன்தான். ஒண்ணுமே இல்ல, வாந்தி பேதி மட்டும்தான்னா டாக்டர்கிட்ட பேசி நிறுத்திடலாம். நல்லா இருக்குற ஆளுக்கு நீங்களா திடீர்னு நிறுத்திடாதீங்க.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு ஈசிஜி கண்டிப்பா. நாடித் துடிப்பு ஏற்கனவே கம்மியா இருந்தா, இல்ல பீட்டா பிளாக்கர் சாப்பிடுறவரா இருந்தா, இந்த மாத்திரை துடிப்பை இன்னும் இறக்கி மயக்கம் போட்டு விழ வைக்கலாம். ராத்திரி கெட்ட கனவு வந்தா காலையில குடுத்துப் பாருங்க. அப்புறம் அவர் இப்ப சாப்பிடுற எல்லா மாத்திரையையும் இங்க எழுதுங்க, கடையில சும்மா வாங்குறதும் சேர்த்து.

வைகைக்கரை:
ரொம்ப நன்றி டாக்டர். பிபிக்கு ஆம்லோடிபின், சுகருக்கு மெட்ஃபார்மின், ராத்திரி யூரின் அடிக்கடி போறதுக்கு ஆக்ஸிபியூட்டினின், அப்புறம் தும்மல் அலர்ஜிக்கு தினமும் ராத்திரி ஒரு அவில், அது டாக்டர் எழுதினது இல்ல, பல வருஷமா மெடிக்கல்ல அவரே வாங்கிப் போட்டுக்கிறார்.

முதியோர் மருத்துவன்:
ஆக்ஸிபியூட்டினின், அவில், ரெண்டுமே அசிட்டைல்கோலினை எதிர்த்து வேலை செய்ற மருந்து. டோனெபெசில் ஏத்தப் பாக்குற அதே விஷயத்தை இது ரெண்டும் இறக்குது. வயசானவங்களுக்கு இது மட்டுமே மறதியையும் குழப்பத்தையும் கூட்டும். மாத்திரை கேக்காம போற ஆளுங்கள்ல இப்படி எதிர் மருந்து சாப்பிடுறவங்கள நிறைய பார்த்திருக்கேன், எந்த ஸ்கேன்லயும் இது தெரியாது. டோனெபெசில் ஆரம்பிச்சா சிலருக்கு யூரின் அவசரம் கூடும், அதுக்கு இதே ஆக்ஸிபியூட்டினினை இன்னும் கூட்டி எழுதுறதும் நடக்குது, அதையும் கவனிங்க.

மெட்ஃபார்மின் பல வருஷமா சாப்பிடுறார்னா பி12 குறைஞ்சிருக்க வாய்ப்பு இருக்கு, அத பார்த்தாச்சா?

வைகைக்கரை:
பி12 பார்த்த ஞாபகம் இல்ல டாக்டர், ஃபைல்ல தேடினேன், தைராய்டு மட்டும்தான் இருக்கு.

முதியோர் மருத்துவன்:
அப்போ இந்த வாரமே பி12 டெஸ்ட்டும் ஈசிஜியும் எடுத்துட்டு, எல்லா மாத்திரை அட்டையையும் ஒரு பையில போட்டு நியூராலஜிஸ்ட்கிட்ட கொண்டு போய்க் காட்டுங்க. அவிலுக்குப் பதிலா லோரட்டடின் மாதிரி ஒண்ணு, ஆக்ஸிபியூட்டினினுக்குப் பதிலா மிராபெக்ரான் சரிவருமான்னு கேளுங்க. மிராபெக்ரான்ல பிபி கொஞ்சம் ஏறலாம், அதையும் சொல்லிக் கேளுங்க. நீங்களா எதையும் மாத்தாதீங்க. பெட் ஸ்கேனுக்கு இப்போ அப்பாவைக் கூட்டிட்டுப் போக வேண்டாம்.

வைகைக்கரை:
சரிங்க டாக்டர். வியாழக்கிழமைக்கு அப்பாயின்ட்மென்ட் வாங்கிட்டேன். இந்த இழைய அண்ணனுக்கும் அனுப்பிட்டேன், அவனே அப்பாவைக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிட்டான். ரிசல்ட் வந்ததும் இங்கயே எழுதுறேன்.